மழைக்குள்ளை ஓடச் சொன்னது யார்? – 1986 சமாதான சைக்கிள் ஓட்டம்

சைக்கிளோட்டப் போட்டிகளின் வரலாற்றில் பாதி, வானிலையின் வரலாறுதான். 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் போட்டியை எடுங்கோ. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. 174 பேர் புறப்பட்டு 21 பேர்தான் முடித்தார்கள். வென்ற பெர்னார்ட் ஈனோவுக்கு இரண்டு விரல்களில் உணர்வு கடைசிவரை சரியாகத் திரும்பவில்லை. 1988 ஜூனில் இத்தாலியின் காவியா மலையில் பனிப்புயலுக்குள்ளால் ஏறி இறங்கிய அன்டி ஹம்ஸ்ரன் அந்த வருட ஜீரோ த இத்தாலியாவை வென்றார். இந்தக் கதைகளை நாங்கள் விரும்பி வாசிக்கிறோம். குளிர், மழை, சேறு, அதுக்குள்ளாலை ஒருத்தன் விடாமல் மிதிக்கிறான். கேட்கவே நல்லாத்தான் இருக்கு.

ஆனால் லியேஜ் கதையில் யாரும் பெரிசாகக் கவனிக்காத ஒரு எண் இருக்கிறது. 174 இலிருந்து 21ஐக் கழித்தால் 153. இந்த 153 பேரும் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். அணியின் காரில் ஏறினார்கள், ஹோட்டலுக்குப் போய்ச் சுடுதண்ணியில் குளித்தார்கள். அவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. அடுத்த போட்டியில் திரும்பவும் வந்து நின்றார்கள். சம்பளத்துக்கு ஓடுகிற தொழில்முறை வீரர்கள் "இண்டைக்கு ஏலாது" என்று சொன்னார்கள், அவ்வளவுதான் விசயம்.

இந்தக் கட்டுரை, அப்படிச் சொல்வது மிகவும் கஷ்டமாக இருந்த ஒரு போட்டியைப் பற்றியது. அதில் ஓடியவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்ல, அமெச்சூர்கள். அதன் பெயர் சமாதான ஓட்டம். 1986 மே மாதம் 6ஆம் திகதி அது கியேவ் நகரத்தில் தொடங்கியது. கியேவுக்கு வடக்கே கிட்டத்தட்ட 100 கிலோமீற்றரில் செர்னோபில் அணு மின் நிலையம் இருக்கிறது. அங்கே நான்காம் உலை வெடித்துச் சரியாகப் பத்து நாள் ஆகியிருந்தது.

பத்திரிகைகள் நடத்திய ஓட்டம்

இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்று வருடங்களில், 1948இல், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய இரு நாடுகளின் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைகள் சேர்ந்து இந்த ஓட்டத்தைத் தொடங்கின. வார்சோவும் பிராக்கும்தான் இரண்டு முனைகள். முதல் வருடம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்கள் விட்டார்கள். 1952இல் கிழக்கு ஜேர்மனியின் கட்சிப் பத்திரிகையான நொய்ஸ் டொய்ச்லாண்ட்டும் சேர்ந்துகொண்டது. அதிலிருந்து வார்சோ, பேர்லின், பிராக் என்று மூன்று தலைநகரங்களை இணைக்கும் ஓட்டமாக அது மாறியது. பிக்காசோவின் வெள்ளைப் புறாதான் சின்னம். போரில் ஒன்றையொன்று அழித்த நாடுகளை ஒரு தெருவால் இணைக்கிறோம் என்பது அதன் செய்தி. நாசிகள் தரைமட்டமாக்கிய வார்சோவுக்குள் ஜேர்மன் இளைஞர்கள் சைக்கிளில் வந்தபோது சனம் கைதட்டி வரவேற்றது என்பது சின்ன விசயம் இல்லை.

மேற்கு நாட்டு அமெச்சூர்களும் வந்தார்கள். 1952இல் ஸ்கொட்லாந்துக்காரரான இயன் ஸ்ரீல் வென்றார். பிறகு டென்மார்க்காரர்களும் வென்றார்கள். 1955இலும் 1959இலும் வென்ற கிழக்கு ஜேர்மனியின் குஸ்தாவ் அடோல்ஃப் ஷூர், சனம் செல்லமாகக் கூப்பிட்ட பெயரில் 'தேவ' ஷூர், அந்த நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு வீரரானார், பாராளுமன்றத்துக்கும் போனார். போலந்தின் ரிசார்ட் ஷுர்கோவ்ஸ்கி 1970களில் நான்கு தடவை வென்றார். கிழக்கு ஜேர்மனியில் பிள்ளைகளுக்கென்று 'சின்னச் சமாதான ஓட்டம்' என்றே போட்டி வைப்பார்கள்.

மே மாதம் மத்திய ஐரோப்பாவில் வெயிலும் எறிக்கும், குளிர் மழையும் கொட்டும். கல் பதித்த தெருக்கள் ஈரத்தில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். பல கட்டங்கள் பெரிய மைதானங்களுக்குள் முடியும். அந்த மைதானங்களுக்குள் நுழைகிற சுரங்கப் பாதைகளில் மழை நாட்களில் கூட்டமாக விழுந்து எழும்புவார்கள். 1956இல் வென்ற முதல் போலந்துக்காரரான ஸ்தனிஸ்வாவ் குரூலக், அப்படியொரு சுரங்கத்துக்குள் சோவியத் வீரர் ஒருவரைக் காற்றடிக்கும் பம்பால் அடித்தார் என்று போலந்தில் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லுவார்கள். அது கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் சனம் அதை ஏன் விரும்பிச் சொன்னது என்று யோசித்தால், 'சமாதானம்', 'சகோதரத்துவம்' என்ற சொற்களைச் சனம் எப்படிக் கேட்டது என்பது விளங்கும்.

அரசியல் காலநிலையும் ஓட்டத்தை நனைக்காமல் விடவில்லை. 1968 ஓகஸ்டில் சோவியத் தாங்கிகள் பிராக்குக்குள் புகுந்தன. அடுத்த வருடம் செக்கோஸ்லோவாக்கியா பங்கெடுக்கவில்லை. 1969 ஓட்டம் பிராக்கைத் தொடாமல் வார்சோவிலிருந்து பேர்லினுக்கு ஓடி முடிந்தது. 'சமாதானம்' என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

இந்தப் பகுதியில் ஒரு விசயத்தை மட்டும் ஞாபகம் வைத்திருங்கோ. ஓட்டத்தை நடத்தியது பத்திரிகைகள், அதுவும் ஆளும் கட்சிகளின் பத்திரிகைகள். நாட்டில் என்ன நடக்கிறது என்று சனத்துக்குச் சொல்ல வேண்டியவர்களும், ஓட்டம் திட்டமிட்டபடி நடக்க வேண்டும் என்று விரும்பியவர்களும் ஒரே ஆக்கள்தான்.

அமெச்சூர் என்றால் யார்?

அமெச்சூர் என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேர் 'நேசிப்பவர்' என்பது. காசுக்காக அல்லாமல் விருப்பத்துக்காகச் செய்கிறவர். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தச் சொல்லை வசதியானவர்கள் தங்களுக்கு வேலியாகப் பாவித்தார்கள். உடல் உழைப்பாளிகள் அமெச்சூர்கள் ஆக முடியாது என்று விதி எழுதிய படகோட்டச் சங்கங்கள் இருந்தன. ஒலிம்பிக்கும் நீண்ட காலம் அமெச்சூர்களுக்கு மட்டும் என்றே இருந்தது.

சோசலிச நாடுகளில் தொழில்முறை விளையாட்டு என்று ஒன்று சட்டப்படி இல்லை. எல்லாரும் அமெச்சூர்கள். ஆனால் ஒரு நல்ல சைக்கிளோட்ட வீரரின் வாழ்க்கையைப் பார்த்தால், கடதாசியில் அவர் இராணுவச் சிப்பாய், அல்லது தொழிற்சாலை ஊழியர், அல்லது மாணவர். நடைமுறையில் நாள் முழுக்கப் பயிற்சி. எங்கள் நாட்டிலும் தேசிய மட்டச் சைக்கிளோட்டக்காரர்களில் கனபேர் முப்படை அணிகளில் இருப்பதால் இந்த ஏற்பாடு எங்களுக்குப் புதிசில்லை. கிராமத்துப் பெடியன் ஒருவனுக்கு நல்ல சைக்கிளும் பயிற்சியும் சாப்பாடும் வேலையும் கிடைக்க வேறு வழி இல்லாத இடத்தில், அது பெரிய கதவுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தொழில்முறை வீரர் ஒரு அணியோடு சண்டை பிடித்தால் இன்னொரு அணிக்குப் போகலாம். அரச அமெச்சூருக்கு ஒரேயொரு அணிதான். அவருடைய வீடு, வேலை, மேற்படிப்பு, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அந்த ஒரே கதவுக்குப் பின்னால். கிழக்கு ஜேர்மனியின் டீற்றர் வீட்மன் 1964 சமாதான ஓட்டத்தில் மூன்றாமிடம் வந்தவர். அதே வருடம், தோக்கியோ ஒலிம்பிக்குக்கான தெரிவுப் போட்டிக்காக மேற்கு ஜேர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அங்கேயே நின்றுவிட்டார். மேற்கில் அவர் விரும்பிய பெண் இருந்தாள். அவருடைய கதையைப் பிரித்தானிய எழுத்தாளர் ஹேர்பி சைக்ஸ் ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார். கிழக்கு ஜேர்மன் உளவுத்துறையோடு ஓடிய ஓட்டம் என்பதுதான் அந்தப் புத்தகத் தலைப்பின் பொருள். ஒரு பெடியன் காதலித்த பிள்ளையிடம் போனது, ஒரு அரசாங்கம் கோப்பு திறக்கிற விசயமாக இருந்தது.

'விருப்பத்துக்காக ஓடுகிறவர்' என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. விருப்பம் இல்லாத நாளில் ஓடாமல் விட முடிய வேண்டும். அது இல்லையென்றால் அந்தச் சொல்லுக்குள் ஒன்றும் இல்லை.

காற்று திரும்பிய நாட்கள்

1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23க்கு நான்காம் உலை வெடித்தது. பக்கத்தில் இருந்த பிரிப்யாத் நகரத்தின் கிட்டத்தட்ட 50,000 பேரை அடுத்த நாள் பிற்பகல்தான் பஸ்களில் ஏற்றினார்கள். 28ஆம் திகதி காலை, 1,000 கிலோமீற்றருக்கும் அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணு மின் நிலையத்தில் வேலைக்கு வந்த ஒருவரின் சப்பாத்தில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டியது. தங்களுடைய நிலையத்தில்தான் ஏதோ கசிகிறது என்று முதலில் பயந்தார்கள். காற்றின் திசையைக் கணக்குப் பார்த்தபோதுதான் அது தென்கிழக்கிலிருந்து வந்தது விளங்கியது. அன்று இரவு சோவியத் செய்தி நிறுவனம் ஒரு சில வரிகளில் 'விபத்து நடந்திருக்கிறது' என்று சொன்னது.

இங்கேதான் வானிலை முழுக் கதையையும் தீர்மானிக்கிறது. வெடிப்போடு எல்லாம் முடியவில்லை. எரிந்த உலையிலிருந்து கிட்டத்தட்ட 10 நாள் கதிரியக்கப் பொருட்கள் தொடர்ந்து வெளியேறின. அவை எங்கே போகும் என்பதைக் காற்று தீர்மானித்தது. எங்கே கீழே விழும் என்பதைப் பெரும்பாலும் மழை தீர்மானித்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கிராமங்களில் மழை பெய்த கிராமத்தின் மண்ணில் கதிரியக்கம் கூடுதலாகப் படிந்தது, பெய்யாத கிராமம் ஓரளவு தப்பியது. முதல் நாட்களில் காற்று மேற்காலும் வடமேற்காலும் வீசியதால் கியேவ் தப்பியிருந்தது. ஏப்ரல் 30 அளவில் காற்று தெற்கே திரும்பியது. கியேவில் கதிரியக்க அளவு வழமையைவிடப் பல மடங்கு ஏறியது.

அடுத்த நாள் மே தினம். கியேவின் பிரதான வீதியான கிரெஷ்சாத்திக்கில் ஊர்வலம் திட்டமிட்டபடி நடந்தது. பிள்ளைகள் பூக்களோடு போனார்கள். உக்ரைன் கட்சித் தலைவர் ஷெர்பித்ஸ்கி தன் பேரனோடு மேடையில் நின்றார். ஊர்வலத்தை நிற்பாட்டினால் சனம் பதறும் என்பது மொஸ்கோவின் கவலை. பிரித்தானியா தன்னுடைய மாணவர்களை கியேவிலிருந்து அந்த நாட்களிலேயே விமானத்தில் எடுத்துவிட்டது.

போலந்தில் நடந்தது வேறு மாதிரி. ஏப்ரல் 28 காலை வடகிழக்குப் போலந்தின் மிக்கோவாய்க்கி அளவீட்டு நிலையத்தில் கருவி ஏறியது. மொஸ்கோவிலிருந்து விளக்கம் வரவில்லை. போலந்து விஞ்ஞானிகள் காத்துக்கொண்டிருக்காமல் அரசாங்கத்தை நெருக்கினார்கள். 29ஆம் திகதி முடிவெடுத்து, அன்று இரவே அயடீன் கரைசல் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு சில நாட்களில் கிட்டத்தட்ட 1 கோடி 5 இலட்சம் பிள்ளைகளுக்கும் 70 இலட்சம் வளர்ந்தவர்களுக்கும் கொடுத்து முடித்தார்கள். உடம்பு நல்ல அயடீனால் நிரம்பியிருந்தால், காற்றிலும் பாலிலும் வருகிற கதிரியக்க அயடீனைத் தைரொய்ட் சுரப்பி எடுத்துக்கொள்ளாது. கசப்பான மண்ணிறத் தண்ணி. அந்தத் தலைமுறைப் போலந்துப் பிள்ளைகளுக்கு அந்த ருசி இன்றைக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்ப இந்த இரண்டையும் ஒருக்கால் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஒரு நாடு, எல்லைக்கு அப்பாலிருந்து வருகிற காற்றுக்குப் பயந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிறது. அதே நாடு, ஒரு கிழமைக்குள், தன்னுடைய சைக்கிளோட்டப் பெடியன்களை அந்தக் காற்று புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்து நகரத்துக்கு விமானத்தில் அனுப்புகிறது.

மே 6

39ஆவது சமாதான ஓட்டத்தின் பாதை முன்னமே அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய வருடம், போர் முடிந்த 40ஆவது ஆண்டுக்காக, ஓட்டம் மொஸ்கோவரை போனது. 1986இல் கியேவில் தொடங்கி வார்சோ, பேர்லின், பிராக் என்று போவதாகத் திட்டம். பாதையை மாற்றியிருக்கலாம். முதல் சில கட்டங்களை விட்டுவிட்டு நேரே வார்சோவில் தொடங்கியிருக்கலாம். 1969இல் பிராக்கையே விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு இது பெரிய விசயம் இல்லை. ஆனால் பாதையை மாற்றுவது என்றால், கியேவில் ஏதோ சரியில்லை என்று உலகத்துக்குச் சொல்வது. எனவே ஓட்டம் நடந்தேயாக வேண்டும். கியேவின் தெருவில் பல நிறச் சேட்டுகளோடு வெளிநாட்டு இளைஞர்கள் ஓடுகிற படத்தைவிட "நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டது" என்பதற்கு நல்ல சாட்சி என்ன இருக்கிறது? அந்த வசனத்தை வானொலியில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதன் அர்த்தம் விளங்கும். வழமை என்று அறிவிக்க வேண்டிய தேவை வருவதே வழமை இல்லாத இடத்தில்தானே.

மேற்கு நாடுகளின் பல அணிகள் வரவில்லை. அவர்களுடைய சங்கங்கள் யோசித்து, பயந்து, "இந்த முறை வேண்டாம்" என்று முடிவெடுத்தன. சோசலிச நாடுகளின் அணிகள் வந்தன.

அந்த நாட்களில் கியேவ் எப்படி இருந்தது? தண்ணி வண்டிகள் தெருக்களைத் திரும்பத் திரும்பக் கழுவின. யன்னல்களைப் பூட்டி வைக்கச் சொல்லி, தலையை அடிக்கடி முழுகச் சொல்லி, வாசலில் ஈரத்துணி போடச் சொல்லி மே முதல் வாரத்தில் சனத்துக்கு அறிவுறுத்தல் வந்தது. ரயில் நிலையத்தில், பிள்ளைகளை எங்கேயாவது சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தாய்மார் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். எரிந்த உலைக்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீரோடு உருகிய எரிபொருள் சேர்ந்தால் இன்னொரு வெடிப்பு வரலாம் என்று நிபுணர்கள் பயந்ததும் அதே நாட்களில்தான். அந்தத் தண்ணியைத் திறந்துவிட அனனென்கோ, பெஸ்பாலொவ், பரனோவ் என்ற மூன்று ஊழியர்கள் இருட்டுக்குள் இறங்கினார்கள்.

இதுக்குள்ளைதான் சைக்கிளோட்டம் தொடங்கியது. கியேவில் முதல் கட்டங்களை முடித்துக்கொண்டு ஓட்டம் போலந்துக்கு நகர்ந்தது. அங்கிருந்து கிழக்கு ஜேர்மனி, பிறகு செக்கோஸ்லோவாக்கியா. மேற்கு ஜேர்மனி வாங்க மறுத்த மரக்கறிகள் அந்த மாதம் கிழக்கு ஜேர்மன் கடைகளில் வழமைக்கு மாறாக நிறைந்து கிடந்தன என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். மே 22 பிராக்கில் ஓட்டம் முடிந்தது. கிழக்கு ஜேர்மனியின் ஓலாஃப் லுட்விக் வென்றார். அவர் சும்மா ஆள் இல்லை. 1982இலும் வென்றவர். 1988 சோல் ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தார். பேர்லின் சுவர் விழுந்த பிறகு தொழில்முறை வீரராகி, 1990 தூர் த பிரான்ஸில் பச்சைச் சேட்டை வென்றார். கால்களில் திறமை இருந்தது, அதில் சந்தேகம் இல்லை. 1986 வெற்றிப் பட்டியலில் அவருடைய பெயர் மற்ற வருடப் பெயர்களைப் போலவே இருக்கிறது. எந்தக் குறிப்பும் இல்லை.

கொர்பச்சேவ் தொலைக்காட்சியில் வந்து செர்னோபில் பற்றி நாட்டு மக்களோடு முதன்முறையாகப் பேசியது மே 14. அப்போது ஓட்டம் கியேவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சைக்கிள்காரரின் மூச்சு

வேறு எந்த விளையாட்டுக்காரரையும்விட வீதிச் சைக்கிளோட்டக்காரருக்கு வானிலை உடம்புக்குள்ளேயே வருகிறது. சும்மா இருக்கிற ஒரு ஆள் நிமிசத்துக்கு 6 தொடக்கம் 8 லீற்றர் காற்றை இழுப்பார். முழு மூச்சாக மிதிக்கிற பயிற்றப்பட்ட வீரர் 100 லீற்றருக்கு மேல் இழுப்பார். அதுவும் மூக்கால் இல்லை, திறந்த வாயால். மட்காட் இல்லாத சைக்கிளில் மழைக்குள் போய் வந்த எல்லாருக்கும் தெரியும், முதுகில் நேராக ஒரு சேற்றுக் கோடு இருக்கும். போட்டிச் சைக்கிள்களுக்கு மட்காட் கிடையாது. அதுவும் கூட்டமாகப் போகும்போது, முன்னால் போகிறவரின் பின் சில்லு தெருத் தண்ணியை அள்ளி உங்கள் முகத்துக்கே அடிக்கும். தண்ணிப் போத்தலின் வாயிலும் அது படும், அதையேதான் பிறகு வாயில் வைத்துக் குடிக்க வேணும். தெருவில் என்ன கிடக்கிறதோ அது வாய்க்குள் வரும்.

யன்னலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் இருங்கோ என்று சாதாரண சனத்துக்குச் சொல்லப்பட்ட நாட்களில், தெருவில் இறங்கி மற்றவர்களைவிடப் பல மடங்கு மூச்சிழுக்கச் சொல்லப்பட்டவர்கள் இவர்கள். வயது பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கம். இதை வாசிக்கிற உங்களில் கனபேரின் வயது.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. கியேவில் ஒரு சில நாள் நின்ற வளர்ந்த ஒருவருக்குக் கிடைத்த கதிரியக்க அளவு, பிரிப்யாத்திலோ பெலாருஸின் தெற்குக் கிராமங்களிலோ இருந்தவர்களுடையதோடு ஒப்பிட்டால் சின்னது. செர்னோபிலின் பெரிய நோய்ச்சுமை, கதிரியக்க அயடீன் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகளின் தைரொய்ட் புற்றுநோயாக வந்தது. உக்ரைன், பெலாருஸ், ரஷ்யா மூன்றிலும் சேர்த்து ஆயிரக்கணக்கில். கதிரியக்க அயடீனின் அளவு எட்டு நாளைக்கு ஒருக்கால் பாதியாகக் குறையும், எனவே முதல் நாளில் வெளியேறியதில் பாதிக்கு மேல் மே 6க்குள் போயிருக்கும். அப்படியென்றால் ஓட்டத்தை நடத்தியவர்கள் செய்தது சரிதானே?

இல்லை. ஏனென்றால் இந்தக் கணக்கு எல்லாம் பிறகு வந்தது. மே 6 அன்று உலை அடங்கிவிட்டதா என்பது உறுதியில்லை. இன்னொரு வெடிப்பு வருமா என்பதும் உறுதியில்லை. நடத்தியவர்கள் ஆபத்தை அளந்து, "இவ்வளவுதான், போகலாம்" என்று முடிவெடுக்கவில்லை. ஆபத்தின் அளவை யாரும் கேட்கக்கூடாது என்றுதான் முடிவெடுத்தார்கள். காற்று நல்லபடியாகத் திரும்பியது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைப் பிறகு திட்டம் என்று சொல்லக்கூடாது.

இன்னொன்று. போலந்தின் அயடீன் கதை காட்டுவது என்ன? தகவல் கிடைக்காத நிலையிலும், அதே கூட்டணிக்குள் இருந்துகொண்டும், ஒரு சில விஞ்ஞானிகள் "காத்திருக்க ஏலாது" என்று நின்றால் ஒரு அரசாங்கத்தை அசைக்கலாம் என்பதைத்தான். வேறு வழி இருக்கவில்லை என்ற கதை எப்போதும் முழு உண்மை இல்லை. பிள்ளைகளுக்காகப் பேச ஆள் இருந்தது. சைக்கிளோட்டக்காரர்களுக்காகப் பேச வேண்டியவர்கள், அவர்களை அனுப்பிய அதே ஆக்கள்.

பிறகு

1989க்குப் பிறகு சமாதான ஓட்டத்தைத் தாங்கியிருந்த எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தது. கட்சிப் பத்திரிகைகளின் பணமும் பலமும் போனது. அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே உலகச் சைக்கிளோட்டச் சங்கம் 1990களின் நடுவில் கைவிட்டது. 1996 அற்லாண்டா ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரர்கள் ஓடினார்கள். சமாதான ஓட்டம் தட்டுத்தடுமாறி 2006 வரை வந்து நின்றுபோனது.

2016இல் அதே உலகச் சங்கம் கடுமையான வானிலைக்கென்று ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. எந்தெந்த நிலைமைகளில் போட்டியை மாற்றவோ நிற்பாட்டவோ கூடிப் பேச வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. உறையும் மழை, தெருவில் பனி, பலத்த காற்று, அதீத வெப்பம் அல்லது குளிர், பார்வை தெரியாமை. ஆறாவதாக, காற்று மாசு. அந்தக் கூட்டத்தில் நடத்துநர், நடுவர், வைத்தியர் ஆகியோரோடு வீரர்களின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. 'வீரர்களின் பிரதிநிதி' என்ற அந்த ஒரு சொல்லைப் பெறச் சைக்கிளோட்டத்துக்கு நூறு வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறது.

எங்கட ஊர்களிலும் சித்திரை வருசத்துக்கு, கழக ஆண்டு விழாவுக்கு, கோயில் திருவிழாவுக்கு என்று சைக்கிளோட்டமும் மரதனும் வைக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் வைப்பார்கள், மார்கழி மழையிலும் வைப்பார்கள். பிரதம விருந்தினர் வரச் சுணங்கினால் பெடியன்கள் வெயிலுக்குள் நிற்பார்கள். "மழையையும் பொருட்படுத்தாது கலந்துகொண்ட வீரர்கள்" என்று அடுத்த நாள் செய்தியில் வரும். இனிமேல் அந்த வசனத்தைப் பார்க்கும்போது ஒரு கேள்வியைச் சேர்த்து வாசியுங்கோ. பொருட்படுத்தாதது வீரர்களா, இல்லாட்டி அவர்களை ஓடவிட்டவர்களா?

மழைக்குள் ஓடுவது அழகான விசயம்தான். லியேஜில் கடைசிவரை போன அந்த 21 பேரின் கதைக்கு மதிப்பு வருவது, மற்ற 153 பேரும் இறங்க முடிந்ததால்தான். இறங்க முடியாத இடத்தில் ஓடி முடிப்பதை வீரம் என்று எழுதுவது, ஓடவைத்தவர்களுக்குச் செய்கிற உதவி.